பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு ஓடிய குதிரை

"அந்தக் குதிரை காதுல அப்படி என்னதான்ட்டி சொல்லுத?"

மாமியார் அசீனா இப்படிக் கேட்டது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில். கேட்ட கையோடு பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். இர்ஃபானாவிடம் கேள்வி கேட்பவர்கள் யாரும் பதிலுக்காக நிற்பதில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு வேலையை முடித்துவிட்டு வந்துவிடலாம்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் சொன்ன "பிரசன்ட் மிஸ்" ஒருநாளும் முன் பெஞ்சைத் தாண்டியதில்லை. பள்ளிக்கு வந்த நாளெல்லாம் வராத நாளாகவே பதிவாகி, கடைசியில் பெயரையே அடித்துவிட்டார்கள். 'நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன்' என்று போய்ச் சொல்வதற்கும் ஒரு குரல் வேண்டுமே. அத்தோடு படிப்பு நின்றது. கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. புருஷன் அஃப்சலிடம்கூட நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் அவள் பேசியதில்லை.

ஆனால் குதிரையிடம் பேசுவாள்.

அஃப்சலுக்கு மெத்தைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் பஞ்சு அடிக்கிற கொட்டகை, கொட்டகையை ஒட்டிக் குதிரை. பஞ்சு அடிக்கிற நேரத்தில் துகள் பறந்து வந்து அதன் முதுகிலும் பிடரியிலும் படியும். மலைக்குப் பக்கமாகப் பனி இறங்கியிருக்கும் காலைகளில் பார்த்தால், மேகம் ஒன்று வழிதவறி இறங்கிவந்து வைக்கோல் தின்பது மாதிரி இருக்கும். இர்ஃபானா அதன் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, காதுக்குள் வாயை வைத்து, அன்றைக்கு உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவாள். குதிரை தலையைத் திருப்பி, நீல நிறத்தில் இருக்கும் தன் இடது கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு பொறுமையாக அவள் பேச்சைக் கேட்டவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

குதிரையை வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் அஃப்சல். இன்னொருவர் வன்னியம்பட்டி ஜெயபாண்டி, பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். இருவருக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் பைத்தியம். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது இருவருக்குமே தெரியாது என்பதால் சேர்ந்து வாங்க வசதியாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தவசிமுத்து என்பவரிடம் வாங்கினார்கள். இரண்டு மணி நேரம் டார்ச் லைட் அடித்து உடம்பு முழுக்கச் சுழி பார்த்தார்கள். நெற்றிச் சுழி, நெஞ்சுச் சுழி, வாலடிச் சுழி எல்லாம் சுத்தம். பல்லை எண்ணினார்கள். குளம்பைத் தட்டினார்கள். எல்லாம் முடிந்து ஓட்டிக்கொண்டு வந்த வழியிலேயே முதல் தகராறு வந்தது. அஃப்சல் அதற்கு 'நவாப்' என்று பெயர் வைத்தான். ஜெயபாண்டி 'ஹவில்தார்' என்று வைத்தார். ஒருவர் வைத்த பெயரை மற்றவர் ஏற்கவில்லை.

குதிரை இரண்டு பெயரையுமே ஏற்கவில்லை.

"நவாப்" என்று அஃப்சல் கூப்பிட்டால் அது வைக்கோலைத் தின்றுகொண்டிருக்கும். "உங்க பேரக் கேட்டு அதுக்கு மனசு விட்டுப்போச்சுண்ணே" என்பான். "ஹவில்தார்" என்று ஜெயபாண்டி அதட்டினாலும் அதே வைக்கோல்தான். "மரியாதையா ஒரு பேரு இருக்கும்போது நவாபுன்னு கேலி பண்ணினா எவன்லே திரும்பிப் பாப்பான்" என்பார்.

ஒன்றரை வருடத்தில் மூன்று பந்தயம். முதல் பந்தயத்தில் புறப்பட்டு நூறடியில் நின்று மேற்கே மலையைப் பார்த்தது. இரண்டாவதில் கொஞ்ச தூரம் ஓடி, ஒரு மக்காச்சோளக் கொல்லைக்குள் வண்டியோடு இறங்கியது. மூன்றாவதில் எல்லாக் குதிரையும் போனபிறகு, ஆளில்லாத ரோட்டில், கல்யாண வீட்டுக்குப் போகிற பெரிய மனிதர் மாதிரி நடந்து வந்து சேர்ந்தது. வண்டி ஓட்டுகிற மாரிசெல்வம், மற்ற நாட்களில் லோடு ஆட்டோ ஓட்டுபவர், "ஆட்டோன்னா கிக்கர மிதிக்கலாம், இதுல எங்கன மிதிக்க" என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்த நிலையில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று அஃப்சல் பைக்கில் இர்ஃபானாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா வீட்டில் விட்டுவரக் கிளம்பினான். அதே நேரத்தில் மாரிசெல்வமும் வண்டியைப் பூட்டிக்கொண்டு வன்னியம்பட்டிக்குப் புறப்பட்டார். இர்ஃபானா குதிரையிடம் போய் வழக்கம்போலக் காதில் பேசினாள். அப்போதுதான் மாமி அந்தக் கேள்வியைக் கேட்டது. பிறகு அவள் பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, குதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

குதிரை ஓடியது.

சும்மா ஓட்டமில்லை. ஊர் எல்லையைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, பனிக்குள் பைக்கின் விளக்கைப் பிடிக்கிற மாதிரி ஓடியது. தரையில் குளம்பு படுகிறதா என்றே தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிகிற வரைக்கும் அதன் மூச்சு இர்ஃபானாவின் துப்பட்டா நுனியில் பட்டுக்கொண்டே வந்தது. மாரிசெல்வம் வண்டியிலிருந்து இறங்கிக் கடிவாளத்தை அஃப்சலிடம் நீட்டினார்.

"நான் ஒண்ணும் பண்ணல அஃப்சலு" என்றார், எதையோ திருடிவிட்டவர் மாதிரி. "அதுவா வருது."

சாயங்காலம் இர்ஃபானாவையும் திரும்பக் கூட்டிவந்தபிறகு வீட்டில் கூட்டம் கூடியது. ஜெயபாண்டி சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"காலையில தீனி என்ன வச்சீய?"

"எப்பவும் வைக்கிறதுதான்."

"தண்ணி?"

"அதே தண்ணிதாண்ணே."

அசீனா உள்ளே இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "இவதான் அது காதுல என்னமோ ஓதிக்கிட்டு நின்னா. நான்தான் கேட்டேனே, என்னட்டி சொல்லுதன்னு."

எல்லாக் கண்ணும் இர்ஃபானா பக்கம் திரும்பியது. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தது அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"என்ன தங்கச்சி சொன்ன?" ஜெயபாண்டி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

காலையில் அவள் சொன்னது இதுதான்: 'மாமி மீன்குழம்புல புளிய அள்ளிக் கொட்டுறாக. மூணு வருசமா நான் அதை நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லித் தின்னுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு அத்தா வீட்டுக்குப் போறேன், அங்க ஒரு வாய் நல்ல குழம்பு கிடைக்கும்.' இதை மாமியை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல? பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பயத்தில் வாயில் வந்தது.

"பதினாறாம் வாய்ப்பாடு."

அசீனா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.

"சரிதான்" என்றார் ஜெயபாண்டி மெதுவாக. "பட்டாளத்துல லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட்டுன்னு எதுக்குச் சொல்லுதான்? கணக்குக்குத்தான் காலு கட்டுப்படும்."

மறுநாளிலிருந்து அய்யனார் கோவில் ரோட்டில் பயிற்சி தொடங்கியது. மாரிசெல்வத்துக்குப் பத்தாம் வாய்ப்பாட்டுக்கு மேல் தெரியாது. எனவே ஜெயபாண்டியே அதிகாலையில் குதிரையின் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஓர் பதினாறு பதினாறு. ஈர் பதினாறு முப்பத்திரெண்டு."

குதிரை மாந்தோப்பைப் பார்த்தது.

"ஏழு பதினாறு நூத்திப் பதினாலு."

"அண்ணே, நூத்திப் பன்னெண்டு" என்றான் அஃப்சல்.

"பதினாலுலே."

"பன்னெண்டுண்ணே. போன்ல போட்டுப் பாருங்க."

போனில் போட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டுதான். ஜெயபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் ஓடாம நிக்கி" என்றான் அஃப்சல். "தப்புக் கணக்குச் சொன்னா அது எப்படி நம்பி ஓடும்? ஒருதடவை ஏமாத்திட்டோம்ல, இனி சரியாச் சொன்னாலும் சந்தேகப்படும்."

ஒரு வாரம் சந்தேகம் தெளிவதற்காகக் குதிரைக்கு ஓய்வு கொடுத்தார்கள். அப்புறம், இர்ஃபானாவின் குரலில் சொன்னால்தான் ஓடும் என்று முடிவாயிற்று. கொட்டகைக் கதவைச் சாத்தி, போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். நாலு தடவை எடுத்தும் போனில் பஞ்சு பறக்கிற சத்தம் மாதிரி ஏதோ கேட்டதே தவிர வாய்ப்பாடு கேட்கவில்லை.

"தள்ளுங்க, நான் சொல்லுதேன்" என்றார் அசீனா. வாய்ப்பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி கேட்கிற தொனியில், ஒன்றிலிருந்து பதினாறு வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதை ஸ்பீக்கரில் ஏற்றி, குதிரையின் காதுக்குப் பக்கத்தில் கட்டி ஒலிக்கவிட்டார்கள்.

அடுத்த வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்து வர மத்தியானம் ஆகிவிட்டது. குதிரை நின்ற இடத்திலேயே நின்று ஒரு காலை மடக்கி ஓய்வெடுத்துக்கொண்டது.

"எங்க அம்மா குரலுக்கே அசையலண்ணே" என்றான் அஃப்சல். அவன் முகம் வாடிப்போயிருந்தது. "என்ன தைரியம் பாருங்க அதுக்கு."

இதற்குள் ராஜபாளையத்தில் மெத்தைக் கடைக் குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று பேச்சுப் பரவியிருந்தது. தலையணை வாங்க வந்தவர்கள் பின்பக்கம் போய், "ரெண்டும் மூணும் எம்புட்டு?" என்று கேட்டுவிட்டு, குதிரை பதில் சொல்லாமல் வாலை ஆட்டியதும், "இது அதுக்கு ரொம்பச் சின்னக் கணக்கு போல" என்று மரியாதையோடு திரும்பிப் போனார்கள்.

சொன்ன பொய் இப்படி வளர்ந்தது இர்ஃபானாவை உறுத்தியது. ஒரு மத்தியானம் பஞ்சுப் பொதியில் சாய்ந்து கண்ணயர்ந்தபோது கனவு வந்தது. அவளுடைய ஒன்பதாம் வகுப்பு. ஜன்னல் வழியே பஞ்சு பறந்து வருகிறது. மிஸ் பெயர் படிக்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள், சத்தம் வரவில்லை. கடைசி பெஞ்சில் நவாப் எழுந்து நிற்கிறது. மிஸ் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, இர்ஃபானா, வந்தாச்சு, என்று எழுதிக்கொள்கிறார். விழித்துக்கொண்டபோது அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எழுந்துபோய் அதையும் குதிரையிடம் சொன்னாள்.

அன்றைக்குத்தான் லிங்கேஸ்வரன் வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுபவர். கையில் ஒரு சரவெடி.

"எனக்கு வேகம் வேணாம், நிதானம் போதும்" என்றார். "போன மாசம் ஒரு கல்யாணத்துல வெடி போட்டவுடன என் குதிரை மாப்பிள்ளையோட போயிருச்சு. பொண்ணு வீட்டுக்காரவுக பொறவு ஆள விட்டுத் தேடினாவ."

சரவெடியைக் குதிரையின் காலடிக்குப் பக்கத்தில் போட்டுப் பற்ற வைத்தார். தெருவில் நாய்கள் ஓடின, காக்காய்கள் கிளம்பின, அசீனா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புகை விலகியதும் பார்த்தால் குதிரை அதே இடத்தில் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

லிங்கேஸ்வரன் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இதைத்தான் நான் பதினஞ்சு வருசமாத் தேடுதேன்."

"பட்டாளத்து ரத்தம்" என்றார் ஜெயபாண்டி, பெருமையும் துக்கமுமாக.

அஃப்சல் யோசித்தான். அவன் வாங்கியது ஊர்வலத்துக்கு இல்லை. வன்னியம்பட்டிக் கோவில் பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று காலையில் குதிரை வண்டிப் பந்தயம்.

"அந்தப் பந்தயத்துல முதல்ல வந்தா எங்க குதிரை" என்றான். "இல்லேன்னா மறுநாளே உங்க குதிரை. கயிறோட வாங்க."

இர்ஃபானா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்று அவள் தன் வாழ்க்கையில் இல்லாத துணிச்சலோடு அஃப்சலிடம் போனாள்.

"மச்சான்."

"என்ன இர்ஃபானா?"

"வாய்ப்பாடு இல்ல."

"என்னது வாய்ப்பாடு இல்ல?"

"நான் சொன்னது வாய்ப்பாடு இல்ல. சும்மா... பேசினேன்."

"என்ன பேசின?"

பதில் இருந்தது, மாமியின் மகனிடம் சொல்ல முடியாது. அஃப்சல் ஜெயபாண்டிக்குப் போன் போட்டான். அவர் பத்து நிமிடம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ள என்ன சொல்லுதுன்னு நமக்கு எதுக்கு? ஆளையே கொண்டுபோயிருவோம்."

பந்தயத்துக்கு முன்னால் மைக் செட் கட்டிய குட்டியானை வண்டி ஒன்று போகும். அறிவிப்பாளர் அதில் நின்றுகொண்டு யார் முந்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். ஜெயபாண்டி விழாக் கமிட்டியில் பேசி, அந்த வண்டியின் பின்பக்கத்தில், குதிரைகளைப் பார்த்த மாதிரி, ஒரு நாற்காலிக்கு அனுமதி வாங்கினார். பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று அசீனா இன்னொரு நாற்காலி கேட்டார். அறிவிப்பாளருக்கு நிற்க இடமில்லாமல் போனது. அவர் கோபித்துக்கொண்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார். மைக் அசீனாவின் கைக்கு வந்தது.

"நீ சொல்லு, நான் புடிச்சிக்கிடுதேன்" என்றார் மருமகளிடம். "உன் குரலுக்கு மைக்கைக் கடிச்சாத்தான் கேக்கும்."

பங்குனி மாதத்து வெயில் ஏறுவதற்கு முந்தைய நேரம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஊரே திரண்டு நின்றது. எட்டு வண்டிகள். லிங்கேஸ்வரனும் வந்திருந்தார், தோளில் புதுக் கயிறு. குதிரையை விற்ற தவசிமுத்துகூட வேடிக்கை பார்க்க வந்து புளியமர நிழலில் நின்றிருந்தார்.

கொடி விழுந்தது. குட்டியானை நகர்ந்தது. நவாப் என்கிற ஹவில்தார் இர்ஃபானாவைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தது. முதல் அரை மைலுக்கு அதுதான் முன்னால். பைக்கில் கூட வந்த அஃப்சல் வாயெல்லாம் பல்.

"பேசாமலே ஓடுதே" என்று கத்தினார் ஜெயபாண்டி, பைக்கின் பின்னாலிருந்து.

அப்போது கமிட்டிக்காரர் விசில் அடித்து, குட்டியானை பந்தயத்தை மறிக்கிறது, முன்னே போ என்றார். டிரைவர் அழுத்தினார். வண்டி வளைவில் திரும்பி ஒரு தோப்பின் மறைவுக்குப் போனது. அங்கே வேகத்தைக் குறைத்து நின்றார்கள். ஒரு வண்டி வந்தது, இரண்டு, மூன்று, ஏழு. ஏழும் அவர்களைக் கடந்து போய்விட்டன. நவாப்பைக் காணவில்லை.

அஃப்சல் பைக்கில் பறந்து வந்தான். "நின்னுட்டு. மாமரத்தப் பாத்துக்கிட்டு நிக்கி. ஏதாவது சொல்லு இர்ஃபானா, ஸ்பீக்கர்ல கேக்கட்டும்."

அசீனா மைக்கை அவள் வாயோடு வைத்து அழுத்தினார்.

"ஓர் பதினாறு பதினாறு" என்றாள் இர்ஃபானா. அவள் குரல் கூரையில் கட்டியிருந்த நாலு குழாய்களிலிருந்து வெளியே வந்து, வயல் முழுக்கப் பரவி, மலைப் பக்கம் போனது. அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ என்று இருந்தது. "ஈர் பதினாறு முப்பத்திரண்டு."

மாரிசெல்வம் கீழே இறங்கிக் குதிரையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வளைவைத் திரும்பினார். தூரத்தில், பனியும் புழுதியும் கலந்த வெளிச்சத்தில், அது கை அகலத்துக்குத் தெரிந்தது. நாளைக்கு அது லிங்கேஸ்வரனின் கயிற்றில் இருக்கும். ஜரிகைத் துணியும் கண்ணாடி மணியும் போட்டு, தெரியாத மாப்பிள்ளைகளைச் சுமந்து, தெரியாத தெருக்களில் போகும். இர்ஃபானாவுக்கு வயலும் ரோடும் கூட்டமும் மாமியும் மைக்கும் எல்லாம் மறைந்துபோயின. கொட்டகையில் இரண்டு பேர் மட்டும் நிற்பது போல இருந்தது.

"ஏழு பதினாறு..." என்றவள் நிறுத்தினாள். "எனக்குப் பொய் சொல்ல வரல நவாப்."

குதிரை தலையைத் தூக்கியது. மாரிசெல்வம் வண்டியில் தாவி ஏறினார்.

"மாமி மீன்குழம்புல புளி ரொம்பப் போடுறாக. நான் நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யி. மாமிக்கு முழங்கால் வலின்னு சொல்றதும் பொய்யி, கல்யாண வீட்டுப் பந்தின்னா எனக்கு முன்னாடி ஓடுறாக."

மைக்கைப் பிடித்திருந்த அசீனாவின் கை அசையவில்லை. அதிர்ச்சியில் அது அப்படியே உறைந்துவிட்டதால் மைக்கும் விலகவில்லை.

குதிரை ஓடத் தொடங்கியது. குட்டியானை டிரைவர் அதைப் பார்த்து வண்டியை எடுத்தார்.

"மச்சான் கடையில இலவம்பஞ்சுன்னு குடுக்கிற தலகாணியில பாதி மில்லுக் கழிவு. எனக்கு மனசு கேக்கல. நான் எங்க அத்தாவுக்கு ஒண்ணு தைச்சேன், அதுல மட்டும்தான் முழுசும் இலவம்பஞ்சு."

ரோட்டோரத்தில் நின்ற நாலைந்து பேர் அஃப்சலைத் திரும்பிப் பார்த்தார்கள். அஃப்சல் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

நவாப் முதல் வண்டியைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது.

"மூணாவது பந்தயம் தோத்த அன்னிக்கு ஜெயபாண்டி அண்ணன் உன் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதாக. உன் பிடரியெல்லாம் அவுக மீசை மை. நான்தான் தேங்காயெண்ணெ வச்சுத் துடைச்சேன்."

"எப்பா" என்றார் ஜெயபாண்டி பைக்கின் பின்னாலிருந்து. அதோடு சரி. மூன்றாவது வண்டியும் நாலாவதும் ஐந்தாவதும் பின்னால் போயின.

"மச்சான் உன்னைய வாங்கின அன்னிக்குத் தூக்கத்துல சிரிச்சாக. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கல. எனக்குப் பொறாமையா இல்ல. எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு."

ரோட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இட்லிக் கடைக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஆறாவது வண்டிக்காரர், தன் குதிரையை விரட்டுவதை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்" என்றாள் இர்ஃபானா.

குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவது குதிரையின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நவாப்பின் வெள்ளை முகம் எல்லைக் கயிற்றைத் தொட்டது.

யாரும் கை தட்டவில்லை. யாரும் விசில் அடிக்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி மட்டும், "எங்க வீட்டுலயும் புளிதான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

கமிட்டித் தலைவர் கேடயத்தைக் கொண்டுவந்து அஃப்சலின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "தம்பி, தை மாசம் நான் ஆறு தலகாணி வாங்கினேன்" என்றார்.

"வாங்கண்ணே, மாத்தித் தாரேன்" என்றான் அஃப்சல் தலைகுனிந்து.

ஜெயபாண்டி துண்டை வாய்க்கு மேலே கட்டிக்கொண்டு நின்றார். அசீனா இன்னும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. இர்ஃபானா குட்டியானையிலிருந்து இறங்கி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், குதிரையின் பக்கத்தில் போய் நின்றாள். அவள் தன் வாழ்நாள் முழுக்கப் பேச வேண்டிய சத்தத்தை ஒரே காலையில் செலவழித்துவிட்டாள்.

"லிங்கேஸ்வரண்ணே, வாங்க" என்றான் அஃப்சல். "கயிறப் போடுங்க."

"தம்பி, ஜெயிச்சிருக்குல்லா" என்றார் லிங்கேஸ்வரனே தயங்கி.

"ஜெயிச்சு என்னண்ணே செய்ய. எங்க வீட்டுச் சங்கதி அம்புட்டும் இதுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒன்றரை வருசமாக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. காலையில எந்திரிச்சு அது மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? எங்க அம்மா எப்படி முழிப்பாவ? வேணாம். கூட்டிட்டுப் போங்க."

"நானும் அதைத்தான் சொல்லுதேன்" என்றார் ஜெயபாண்டி துண்டுக்குள்ளிருந்து. "நம்மளப் பத்தி இம்புட்டு விவரம் தெரிஞ்ச உருப்படி வீட்டுல இருக்கக்கூடாது."

லிங்கேஸ்வரன் தோளிலிருந்த கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார். இர்ஃபானாவின் விரல்கள் பிடரியில் இறுகின.

புளியமர நிழலிலிருந்து தவசிமுத்து பல்குச்சியைத் துப்பிவிட்டு நடந்து வந்தார்.

"எதுக்குத் தம்பி கூச்சப்படுதீய? அந்தப் பிள்ள பேசினதக் கேட்டது நாங்க அம்புட்டுப் பேரும்தான். குதிரைக்குப் பொறவியிலேயே காது கேக்காது."

லிங்கேஸ்வரனின் கை கயிற்றோடு அந்தரத்தில் நின்றது. ஏழு பதினாறு எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால்கூட அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இர்ஃபானா குதிரையைப் பார்த்தாள். குதிரை நீலக் கண்ணால் அவளைப் பார்த்தது, எப்போதும் பார்ப்பது போல, வேறு எதையும் பார்க்காமல்.

அவள் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல், கூட்டத்தை விலக்கி ராஜபாளையம் ரோட்டில் நடந்தாள். யாரும் கடிவாளத்தைத் தொடவில்லை. காலி வண்டி கடகடக்க, குதிரை அவளுக்குப் பின்னால் போனது.